ஹெட்போன் பின் மக்கர் பண்ணுதா? கத்தரி எடுக்கறதுக்கு முன்னாடி வரிசையா இதப் பாருங்க

குன்னூர் பக்கம் ஒயர் ஹெட்போன் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, ஏன்னா கொழுந்து பறிக்கும்போது காதுல இருக்கற புளூடூத் இயர்பட் ஒண்ணு தேயிலைச் செடிக்குள்ள விழுந்துச்சுன்னா அடுத்து செடி வெட்டற கவாத்துலதான் கிடைக்கும். அதனால ஒயர் உள்ளவங்க எல்லாம் ஒரே பேச்சோட என்கிட்ட வந்து நீட்டுவாங்க, "பின் போச்சுண்ணா, மாத்திக் குடுங்க". நிறைய கேஸ்ல பின் போயிருக்கவே போயிருக்காது. அப்படியே பின் பக்கம்தான் கோளாறுன்னாலும் அந்த உலோகத் தண்டு நல்லாதான் இருக்கும், அதுக்குப் பின்னாடி ஒயர் மடங்கற ஒரு இன்ச்சுக்குள்ளதான் உள்ள கம்பி அறுந்திருக்கும். அதனால எடுத்தவுடனே வெட்டாதீங்க. உங்க ஹெட்போன் என்ன பண்ணுதோ அந்தத் தலைப்புக்கு நேராப் போங்க. எல்லாத்துலயும் காசு செலவில்லாதது முதல்ல, செலவு வைக்கறது கடைசில.

முதல்ல ரெண்டே ரெண்டு சோதனை

உங்க ஹெட்போன வேற போன்ல சொருகிப் பாருங்க. வேற ஹெட்போன உங்க போன்ல சொருகிப் பாருங்க. எந்த ஹெட்போன் போட்டாலும் உங்க போன்ல பிரச்சினைன்னா கோளாறு போன் ஓட்டையில, எந்தப் போன்ல போட்டாலும் இந்த ஹெட்போன்ல பிரச்சினைன்னா ஹெட்போன்ல. இத பண்ணாம பின்ன வெட்டிட்டு வந்து நிக்கறவங்க இருக்காங்க, போன் ஓட்டையில பஞ்சு அடைச்சிருந்துச்சுங்கறது அப்புறம்தான் தெரிய வரும்.

இன்னொண்ணு, பின்ல இருக்கற கறுப்புக் கோட்ட எண்ணிக்கங்க. ரெண்டு கோடுன்னா மூணு பாகம், மைக் கிடையாது. நுனி இடது காது, நடு வளையம் வலது காது, அடி எர்த். மூணு கோடுன்னா நாலு பாகம், மைக் உண்டு. இப்ப வர்ற போன்ல நுனி இடது, அடுத்தது வலது, மூணாவது எர்த், கடைசி அடிப்பாகம் மைக். பழைய சில போன்ல மட்டும் மூணாவதும் நாலாவதும் இடம் மாறி இருக்கும். எர்த்துங்கறது ரெண்டு காதுக்கும் மைக்குக்கும் பொதுவான திரும்பி வர்ற கம்பி, கீழ அடிக்கடி வரும், மனசுல வச்சுக்கங்க.

பின் முழுசா உள்ள போகல, இல்ல சொருகினா கரகரன்னு சத்தம்

போன் கவரக் கழட்டிட்டு சொருகிப் பாருங்க. தடிமனான கவர் போட்டிருந்தா பின்னோட தோள் கவர்ல முட்டி கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ள போகாது, கேஸ் அங்கயே முடிஞ்சுடும்.

அடுத்தது பஞ்சு. மலையில வருஷத்துல பாதி நாள் ஸ்வெட்டர் பாக்கெட்லதான் போன் கிடக்கும், அந்த கம்பளி நூல் கொஞ்சம் கொஞ்சமா ஓட்டைக்குள்ள போய், ஒவ்வொரு தடவ பின் சொருகும்போதும் அமுங்கி அமுங்கி அடியில பில்லை மாதிரி உக்காந்துடும். டார்ச் அடிச்சுப் பாத்தா சாம்பல் கலர்ல தெரியும். போன ஆஃப் பண்ணிட்டு மரப் பல்குத்தியோ நல்லா சீவின விளக்குமாத்து ஈர்க்குச்சியோ வச்சு ஓரமா விட்டு சுத்தி சுத்தி வெளிய இழுங்க. ஊக்கு, குண்டூசி எல்லாம் விடக் கூடாது, உள்ள இருக்கற மெல்லிசு தகடு வளைஞ்சா அப்புறம் போன் கடைக்குத்தான் போகணும். வாயால ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ள போகும்.

பின்னப் பாருங்க இப்ப. பளபளன்னு இல்லாம மங்கிப் போயோ, கோட்டு ஓரத்துல லேசா பச்சை பிடிச்சோ இருந்தா அது ஈரத்தோட வேலை. ஆடி மாசம் கூடலூர், ஊட்டி பக்கம், ஐப்பசி கார்த்திகைல குன்னூர், கோத்தகிரி பக்கம், மேகம் வீட்டுக்குள்ளயே வந்துட்டுப் போற நாள்ல ஜன்னல் ஓரம் மாட்டி வச்ச ஹெட்போன் எல்லாம் இப்படித்தான் ஆகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் துணியில நனைச்சு அழுத்தித் தேயுங்க. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற ஸ்பிரிட்டும் பரவால்ல, காய விட்டுட்டு சொருகணும். பச்சை விடாப்பிடியா இருந்தா பென்சில் அழிக்கற ரப்பர் போதும். உப்புத்தாள் போடாதீங்க, மேல இருக்கற பூச்சு போயிட்டா அடுத்த மழைக்கு இன்னும் சீக்கிரம் பச்சை பிடிக்கும்.

இவ்வளவும் பண்ணியும் பின்ன திருகும்போது மட்டும் கரகரன்னா, அதே பின் வேற போன்ல அமைதியா இருந்தா, போன் ஓட்டை தளர்ந்துடுச்சு. கடைக்காரர் வேலை.

ஒரு காது கேக்கல

முதல்ல போன் செட்டிங்ஸ். ஆக்சஸிபிலிட்டிக்குள்ள இடது வலதுன்னு ஒரு பேலன்ஸ் கோடு இருக்கும், குழந்தைங்க கையில போன் போனா அது ஒரு ஓரத்துக்கு நகந்திருக்கும். நடுவுல வைங்க.

அடுத்தது காதுக்குள்ள போற பக்கம் இருக்கற வலை. சுத்தமா கேக்காம இல்ல, ரொம்ப சன்னமா கேக்குதுன்னா காது அழுக்கு அடைச்சிருக்கும், பழைய பல் பிரஷ்ஷ வச்சு வலையக் கீழ்ப் பக்கமா பிடிச்சுத் தேயுங்க.

அதுவும் இல்லன்னா பாட்டு ஓட விட்டுட்டு ஒயர அங்கங்க மடக்கிப் பாருங்க. மூணு இடம்தான் முக்கியம்: பின்னுக்குப் பின்னாடி, ரெண்டா பிரியற இடம், காது மொட்டுக்குள்ள நுழையற இடம். எங்க மடக்கும்போது சத்தம் வந்து வந்து போகுதோ அங்கதான் அறுந்திருக்கு. குளிர்ல ஒயர் மேல இருக்கற பிளாஸ்டிக் விறைச்சுடும், டிசம்பர் ஜனவரில காலங்காத்தால பாக்கெட்ல இருந்து எடுத்து அப்படியே இழுத்து விட்டா உள்ள கம்பி பின் கிட்ட பட்டுன்னு விட்டுடும், வெளிய ஒண்ணும் தெரியாது.

மடக்கியும் எந்த இடம்னு தெரியலன்னா மல்டிமீட்டர் வேணும், கம்பில தொடர்பு இருக்கான்னு காட்டற மீட்டர். 200 ஓம் ரேஞ்சுல வச்சு ஒரு குச்சிய நுனியிலயும் இன்னொண்ண எர்த்லயும் வைங்க, அப்புறம் ரெண்டாவது வளையத்துலயும் எர்த்லயும் வைங்க. சாதாரண இயர்போன்ல 16லேர்ந்து 32 ஓம் சுமாருக்கு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டணும். ஒரு பக்கம் மட்டும் 1ன்னோ ஓ.எல்.ன்னோ காட்டினா அந்தப் பக்கத்துக் கம்பி எங்கயோ அறுந்திருக்கு. மீட்டர் குச்சிய அப்படியே பிடிச்சுக்கிட்டு பக்கத்துல ஒருத்தர விட்டு பின் கிட்ட ஒயர மடக்கச் சொல்லுங்க, எண் துள்ளினா அறுப்பு அங்கதான், நீங்க பின் மாத்தற பகுதிக்குப் போகலாம். பின் கிட்ட என்ன மடக்கினாலும் அசையலன்னா, பின் மாத்தி பிரயோஜனமே இல்ல. மொட்டுக்குள்ள அறுந்திருந்தா அந்த மொட்ட பிளந்து சால்டர் பண்ணலாம் (ஈயத்த உருக்கி ஒட்டறது), விலை கூடின ஹெட்போனா இருந்தா பண்ணுங்க, இருநூறு ரூபா இயர்போனுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

பாட்டு வருது, பாடறவரக் காணோம்

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ், ஏன்னா கொண்டு வர்றவங்க முகத்துல ஒரு திகைப்பு இருக்கும். ஒரு தம்பி வந்து, "அண்ணா, மியூசிக் எல்லாம் வருது, பல்லவி வந்தா மட்டும் பாடறவர் கிணத்துக்குள்ள போயிடறாருண்ணா"ன்னான். போன்லயும் ஒண்ணுமில்ல, பாட்டு டவுன்லோடும் சரி. எர்த் தொடர்பு விட்டுப் போச்சு, அவ்வளவுதான். எர்த் இல்லாம போனா இடது காதும் வலது காதும் வரிசையா ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறது ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் காதுல விழும். பாடறவர் குரல நடுவுல வச்சுதான் ரெக்கார்ட் பண்ணியிருப்பாங்க, அதனால அவர்தான் காணாம போவார். ஓரமா வச்சிருக்கற வயலின், எக்கோ எல்லாம் தப்பிச்சுக்கும்.

பாக்க வேண்டிய வரிசை:

பின் முழுசா உள்ள போயிருக்கான்னு அழுத்திப் பாருங்க. பாதி வெளிய இருந்தாலும் இதே கூத்துதான், மேல சொன்ன கவர், பஞ்சு ரெண்டையும் பாத்துடுங்க.

மைக் பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கேளுங்க. அமுக்கியிருக்கற வரைக்கும் குரல் திரும்பி வந்துச்சுன்னா எர்த்தும் மைக்கும் இடம் மாறியிருக்கு, அதாவது பழைய ஹெட்போன் புது போன், இல்ல புது ஹெட்போன் பழைய டிவி, டேப்னு எதோ பொருந்தாத ஜோடி. அந்தப் பட்டன் மைக்கையும் எர்த்தையும் சேத்து வைக்கறதுதான், அதனாலதான் குரல் வருது. வெட்டாதீங்க, மாத்தற கன்வெர்ட்டர் கிடைக்குது, இல்லாட்டி அந்த ஜோடிய விட்டுடுங்க.  அமுக்கியும் குரல் வரலன்னா வேற ரெண்டு மூணு போன்லயும் சொருகிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. எல்லாப் புது போன்லயும் இதே கதைன்னா அறுப்புதான்.

மீட்டர்ல உறுதி பண்றது சுலபம். நுனிக்கும் எர்த்துக்கும் ஒண்ணும் காட்டாது, வளையத்துக்கும் எர்த்துக்கும் ஒண்ணும் காட்டாது, ஆனா நுனிக்கும் வளையத்துக்கும் நடுவுல ரெண்டு காதோட ஓமும் சேந்து காட்டும். இப்படி இருந்தா எர்த் அறுந்திருக்குன்னு கண்ண மூடிட்டு சொல்லலாம், அறுப்பு ரெண்டா பிரியற இடத்துக்கும் பின்னுக்கும் நடுவுலதான், பெரும்பாலும் பின் கிட்டயே. பின் மாத்தினா சரியாகிற கேஸ்ல இது முதலிடம்.

பாட்டு தானா நிக்குது, தானா ஓடுது, அசிஸ்டென்ட் வேற திறக்குது

பேய் இல்ல. மைக்கும் எர்த்தும் எங்கயோ உரசுது. மைக்கும் எர்த்தும் சேந்தா போன் அத பட்டன அமுக்கினதா எடுத்துக்கும், ஒரு தடவ உரசினா பாட்டு நிக்கும், கொஞ்சம் நேரம் ஒட்டியே இருந்தா அசிஸ்டென்ட் திறக்கும், கால்ல இருக்கும்போது உரசினா கால் கட் ஆகும்.

மழையில நனைஞ்சுட்டு வந்த அன்னைக்கு மட்டும் இப்படின்னா ஈரம்தான். பின்னத் துடைங்க, மைக் இருக்கற அந்தக் குட்டி டப்பாவ உதறிட்டு ஒரு ராத்திரி சூடான இடத்துல வைங்க. அடுப்புப் பக்கம்னா கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும், கணப்பு அடுப்பு மேலயே வச்சா ஒயர் உருகும். காய்ஞ்சும் தொடர்ந்தா பட்டன் டப்பாவுக்குள்ள பச்சை பிடிச்சிருக்கும். டப்பாவ நகத்தால பிளந்து ஸ்பிரிட் போட்டு துடைச்சா சில சமயம் பொழைக்கும்.

வெயில் காலத்துலயும், பின் கிட்ட ஒயர் அசையும்போது மட்டும் இப்படின்னா உள்ள கம்பி பிஞ்சு பக்கத்துக் கம்பியத் தொடுது. பின் மாத்தணும்.

பாட்டு நல்லா கேக்குது, நம்ம பேசறது அவங்களுக்குக் கேக்கல

மைக் ஓட்டையில அழுக்கு இருக்கான்னு பாருங்க, எந்த ஆப்ல பேசறீங்களோ அதுக்கு மைக் அனுமதி இருக்கான்னு பாருங்க. பட்டனும் வேலை செய்யலன்னா மைக் கம்பி அறுந்திருக்கு, பின் கிட்ட மடக்கிப் பாத்து முடிவு பண்ணலாம். பட்டன் வேலை செய்யுது மைக் மட்டும் இல்லன்னா மைக் துண்டே போச்சு, அத விட்டுடுங்க, பேசும்போது ஹெட்போன கழட்டிட்டு போனோட மைக்ல பேசிக்கலாம்.

ரெண்டு காதும் சுத்தமா செத்துப் போச்சு

போன் ஹெட்போன கண்டுபிடிக்குதா, மேல அந்தச் சின்னப் படம் வருதான்னு பாருங்க. வரலன்னா ஓட்டை அழுக்கு, இல்ல ஓட்டையே போச்சு. வந்தும் சத்தம் இல்லன்னா புளூடூத் எங்கயாவது கனெக்ட் ஆகி பக்கத்து ரூம் ஸ்பீக்கர்ல பாடிட்டிருக்கும், அத அணைங்க. மீட்டர்ல நுனிக்கும் வளையத்துக்கும் நடுவுலயும் ஒண்ணும் காட்டலன்னா ஒண்ணுக்கு மேல கம்பி போயிருக்கு. நாய் கடிச்ச கேஸ்ல இப்படித்தான் இருக்கும்.

பின் ஒடிஞ்சு நுனி உள்ளயே மாட்டிக்கிச்சு

போன உடனே ஆஃப் பண்ணுங்க. துண்டு வெளிய நீட்டிட்டிருந்தா கூர்மையான ட்வீசர்ல நேரா இழுங்க, திருகாதீங்க. உள்ள போயிடுச்சுன்னா ஊசியால குத்தி இன்னும் அடியில தள்ளாதீங்க. குச்சியில சூப்பர் க்ளூ வச்சு ஒட்டி இழுக்கற வீடியோ எல்லாம் சுத்துது, குச்சி வெளிய வரும்போது துண்டோட வந்தா சரி, வரலன்னா க்ளூ ஓட்டை முழுக்க பரவி ஓட்டையே மாத்த வேண்டியதாயிடும். நேரா கடைக்குப் போங்க, போனோட முதுகுப் பக்கத்தத் திறந்து பின்னாடியிருந்து தள்ளி எடுத்துடுவாங்க.

பின் மாத்தற வேலை

வேணுங்கற சாமான்: 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், கொஞ்சம் ஃப்ளக்ஸ் (ஈயம் நல்லா ஒட்டறதுக்குத் தொடற பசை), புது 3.5 மி.மீ. பின் மேல மூடி திருகற மாதிரி, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு பட்டா சுருங்கற குழாய்) ஒரு துண்டு, தொடர்பு இருந்தா பீப் சத்தம் வர்ற மல்டிமீட்டர். உங்க பழசு நாலு பாகம்னா புதுசும் நாலு பாகம் கேட்டு வாங்குங்க, மலையில எல்லாக் கடையிலயும் மூணு பாகம்தான் உடனே கிடைக்கும், நாலு பாகத்துக்கு மேட்டுப்பாளையம், கோயமுத்தூர் போறவங்ககிட்ட சொல்லி விடணும். மைக் வேண்டாம்னா மூணு பாகமே போதும், மைக் கம்பிய டேப் சுத்தி தனியா விட்டுடலாம்.

பழைய பின்னுக்கு மேல மூணு நாலு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்க. வெட்டின பின்ன தூக்கிப் போட்டுடாதீங்க, அதுதான் உங்களுக்கு மேப். பொதுவா சிவப்பு வலது, பச்சை இல்ல நீலம் இடது, வெறும் செம்புக் கலர் எர்த், ஆனா மலிவான ஹெட்போன்ல இந்த வழக்கத்த எவனும் மதிக்கறதில்ல. வெட்டின துண்டுல ஒயர சீவி, கம்பி நுனியில இருக்கற எனாமல் பூச்ச எடுத்துட்டு (எப்படின்னு கீழ இருக்கு), ஒவ்வொரு கலர் கம்பியும் பின்னோட எந்தப் பாகத்தோட பீப் அடிக்குதுன்னு பாத்து பேப்பர்ல எழுதிக்கங்க. அறுந்த கம்பி மட்டும் பீப் அடிக்காது, மத்தது தெரிஞ்சா அது தானா தெரிஞ்சுடும். செம்புக் கலர் கம்பி ரெண்டு இருந்தா ரெண்டும் எர்த்தாதான் இருக்கும், அதையும் பீப்ல பாத்துட்டே சேருங்க.

இப்பவே புது பின்னோட மூடியையும் ஹீட் ஷ்ரிங்க்கையும் ஒயர்ல கோத்துடுங்க. எல்லாம் ஒட்டி முடிச்சப்புறம் மூடி மேசை மேல உக்காந்து நம்மளப் பாத்து சிரிக்கற மாதிரி வச்சுக்காதீங்க.

பாதிப் பேர் இங்கதான் விழுவாங்க. ஒயர சீவி கம்பிய எடுத்தா முடி மாதிரி மெல்லிசா கலர் கலரா இருக்கும், அந்தக் கலர் பிளாஸ்டிக் உறை இல்ல, எனாமல் பூச்சு. அது இருக்கற வரைக்கும் ஈயம் ஒட்டவே ஒட்டாது, மேல உருண்டையா நிக்கும், மீட்டர்ல பீப்பும் வராது. அயர்ன் முனையில ஈயத்த ஒரு சொட்டு உருக்கி வச்சு, கம்பி நுனிய ஃப்ளக்ஸ்ல தொட்டு அந்தச் சொட்டுக்குள்ள நாலஞ்சு செகண்ட் பிடிங்க. முதல்ல ஒண்ணும் நடக்காது, அப்புறம் சின்னதா ஒரு புகை வரும், நுரைக்கும், கம்பி நுனியில இருந்து வெள்ளி நிறம் மேல ஏறும். அந்த வெள்ளி நிறம் ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஏறினா போதும். அயர்ன் சூடு பத்தலன்னா லைட்டர்ல ஒரு நொடி காட்டி, கரிய நைஸ் உப்புத்தாள்ல தேச்சுட்டு பண்ணலாம், ஒரு நொடிக்கு மேல காட்டினா கம்பியே எரிஞ்சு காணாம போயிடும். கம்பியோட பின்னியிருக்கற வெள்ளை நூல பிரிச்சு தனியா வைங்க, அது ஈயத்துல கலந்தா ஒட்டு நிக்காது.

இந்தப் புகைய மூக்குல ஏத்தாதீங்க. குளிருதுன்னு ஊட்டில எல்லாக் கதவையும் சாத்திட்டு பண்றதுதான் வழக்கம், ஒரு ஜன்னலாவது திறங்க, ஆனா காத்து நேரா அயர்ன் மேல அடிக்கற மாதிரி உக்காராதீங்க, சின்ன அயர்ன் சீக்கிரம் ஆறிடும். வேலை முடிச்சு கை கழுவிட்டு சாப்பிடுங்க, கையில ஈயம் ஒட்டியிருக்கும்.

புது பின்னோட டெர்மினல்லயும், அதாவது கம்பி ஒட்டற இடத்துலயும், முதல்ல கொஞ்சம் ஈயம் வச்சுக்கங்க. பின்ன எங்கயாவது பழைய ரேடியோ, உதவாத ஸ்பீக்கர் ஓட்டையில சொருகிப் பிடிச்சுக்கிட்டா ஆடாது, சூட்டையும் அது வாங்கிக்கும். நல்ல போன்ல சொருகி பண்ணிடாதீங்க. ஒவ்வொரு ஒட்டும் ரெண்டு செகண்ட்தான், கூட வச்சா பாகங்களுக்கு நடுவுல இருக்கற கறுப்பு பிளாஸ்டிக் இளகி உள்ளயே ஷார்ட் ஆகிடும். எர்த்த முதல்ல ஒட்டிட்டா மத்தது எளிசு. அந்த வெள்ளை நூல பின்னோட பிடிப்புல சுத்தி முடிச்சு போட்டு, பிடிப்ப ஒயரோட வெளி உறை மேல மடக்கி அமுக்குங்க, அப்பதான் இழுப்பு நூல் மேல விழும், ஒட்டு மேல விழாது.

மூடிய திருகறதுக்கு முன்னாடி மீட்டர். எந்த ரெண்டு பாகத்துக்கு நடுவுலயும் பூஜ்யம் காட்டக் கூடாது. அதுக்கப்புறம்தான் போன்ல சொருகணும்.

மாத்தினப்புறம் வர்ற கோளாறு

இடது வலது மாறிடுச்சுன்னா நுனியும் வளையமும் மாத்தி ஒட்டியிருக்கீங்க, அதோட வாழலாம், கேம் ஆடறவங்கன்னா திருப்பி ஒட்டுங்க. ரெண்டு காதுலயும் ஒரே சத்தம், ஸ்டீரியோவே இல்லன்னா நுனியும் வளையமும் உள்ள ஒட்டிக்கிச்சு. ஒரு காது மட்டும் இல்லன்னா அந்தக் கம்பில எனாமல் முழுசா போகல, இல்ல அது எர்த்தோட ஒட்டிக்கிச்சு. மூடிய திருகினவுடனே மட்டும் சத்தம் போகுதுன்னா மூடி உலோகம், ஒட்டு மேல உரசுது, உள்ள ஒரு சுத்து இன்சுலேஷன் டேப்.

எப்ப கடைக்குக் கொண்டு போகணும்

போன் ஓட்டை தளர்ந்துடுச்சு, உள்ள துண்டு மாட்டிக்கிச்சு, சொருகாமலே ஹெட்போன் படம் போகவே மாட்டேங்குது, இந்த மூணுக்கும் கைய வைக்காதீங்க. கடைசி கேஸ்ல மட்டும் பஞ்சு எடுத்து ஒரு ராத்திரி காய வச்சுப் பாருங்க, மழைக்காலத்துல ஈரத்தாலயும் அப்படி வரும். வாரன்டி இருக்கற ஹெட்போன வெட்டவே வெட்டாதீங்க, வெட்டினா வாரன்டி போச்சு. ஒயர் தனியா கழட்டி மாட்டற பெரிய ஹெட்போன்னா சால்டர் எதுக்கு, ஒயர மட்டும் வாங்கிடுங்க. டைப் சி முனை போட்ட இயர்போன்ல நிறைய மாடலுக்கு அந்த முனைக்குள்ளயே குட்டி போர்டு இருக்கும், அத வெட்டி 3.5 பின் ஒட்டணும்னா மேல சொன்ன அதே வழிதான், ஆனா கலர் மேப் பீப்ல கிடைக்காது, மொட்டுப் பக்கமிருந்து ஓம் பாத்துக் கண்டுபிடிக்கணும். பொறுமை இருந்தா பண்ணுங்க, இல்லன்னா ஊட்டி கமர்ஷியல் ரோடு பக்கம் போகும்போது மொபைல் ரிப்பேர் கடையில காட்டி, கூலி எவ்வளவுன்னு கேட்டுட்டு குடுங்க.